கருத்து இருக்கிறது, கட்டுரைதான் வரவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் நாலு வரி சொந்தமாக எழுத வரவில்லை என்று உங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிராமர் சரியில்லை, ஸ்பெல்லிங் சரியில்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். காரைக்குடியில் பல வருஷம் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்துவிட்டு, இப்போது வீட்டிலேயே பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். கிராமர் தகராறு உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நீ எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் என்று எழுதிக் காட்டச் சொல்லி நாம் அவர்களைத் தமிழில்கூடக் கேட்டதில்லை. தமிழில் பழகாததை இங்கிலீஷில் செய் என்றால் எங்கிருந்து வரும்?

பத்தாவது தமிழ்ப் பரீட்சையில் வரும் கட்டுரைக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். "குறிப்புகளைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதித் தலைப்பிடுக" என்று இருக்கும். முன்னுரை, நடுவில் நாலைந்து துணைத்தலைப்பு, முடிவுரை என்று சட்டகத்தையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். தலைப்புக்குத் தலைப்பு அடிக்கோடு போட்டு, நோட்ஸில் படித்ததை இறக்கி வைப்பதுதான் பிள்ளையின் வேலை. விஷயமும் பெரும்பாலும் யாரும் மறுக்காத விஷயம். சாலைப் பாதுகாப்பு வேண்டாம் என்று எவன் எழுதப்போகிறான்? மறுத்துப் பேச ஆளே இல்லாத தலைப்பில் சொந்தக் கருத்துக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள். இங்கிலீஷ் பேப்பரிலும் கதை இதுதான், குறிப்பைக் கொடுத்து வாக்கியமாக நீட்டச் சொல்வார்கள், பிள்ளையும் நீட்டும், மார்க்கும் விழும்.

அப்புறம் அதே பிள்ளை கல்லூரி முடித்து ஐஇஎல்டிஎஸ் எழுத வருகிறது. அங்கே ரைட்டிங் பகுதியின் இரண்டாவது கேள்வியில் ஒரு கருத்தைச் சொல்லி, இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறாய் அல்லது மறுக்கிறாய் என்று கேட்பார்கள். 250 வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும், அதற்கு 40 நிமிஷம். முதல் கேள்வியைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. திருத்துகிறவர்கள் நாலு விஷயம் பார்க்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாயா, சொன்னது ஒன்றோடொன்று கோவையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நாலுக்கும் சம மதிப்பு. அதாவது கிராமரும் வொக்காபுலரியும் சேர்ந்தால்கூடப் பாதிதான், மீதிப் பாதி நீ என்ன நினைக்கிறாய், அதை எப்படி அடுக்குகிறாய் என்பதற்கு. கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிற பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் வரும்போதே "மிஸ், கிராமர் மட்டும் கொஞ்சம் ஸ்ட்ராங் பண்ணிவிடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இயிலும் இப்படித்தான், ஒரே ஒரு கட்டுரை, 30 நிமிஷம், அதுவும் உன் நிலைப்பாட்டைச் சொல்லி நிறுவு என்கிற கட்டுரை. வெளிநாடே வேண்டாம், இங்கேயே கலெக்டர் ஆகட்டும் என்றாலும் யுபிஎஸ்சி மெயின்ஸில் கட்டுரைக்கென்று தனித்தாள், இரண்டு கட்டுரை, 250 மார்க். அதைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அடிக்கோடு போட்டு எழுதிப் பழகிய கை அங்கேயும் திணறத்தான் செய்யும்.

இத்தனைக்கும் நம்ம ஊர் வாய்ப்பேச்சுக்குக் குறைந்த ஊரா? 1939-ல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகத்தை ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனை பட்டிமண்டபங்களைக் கேட்டு வளர்ந்திருக்கிறது இந்தப் பக்கம். வாலியை ராமன் மறைந்திருந்து கொன்றது சரியா என்று கேட்டுப் பாருங்கள், ஒன்பதாவது படிக்கிற பொடியன்கூட இரண்டு பக்கத்துக்கும் பாயின்ட் வைத்திருப்பான். குன்றக்குடி அடிகளாரை நேரில் கேட்ட தலைமுறை இன்னும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளைகள்தான் பேப்பரைக் கண்டதும் ஊமையாகிவிடுகிறார்கள்.

ஒரு காரணம் பட்டிமண்டபத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே தீர்ப்பு கடைசியில்தான் வரும், அதுவரை கூட்டத்தைக் கட்டிப்போடுவதுதான் நடுவரின் சாமர்த்தியம். இங்கிலீஷில் எழுதுகிற கருத்துக் கட்டுரை நேர்மாறு, தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், மீதியெல்லாம் அந்தத் தீர்ப்புக்கு ஏன் வந்தேன் என்ற விளக்கம். இதற்கு தீஸிஸ் ஸ்டேட்மென்ட் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் மிரளுகிறார்கள். "நடுவர் தீர்ப்பை முதல் வரியில சொல்லிடு, அப்புறம் ரெண்டு அணியையும் கூப்பிடு" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு வித்தியாசம், மேடையில் உங்களுக்கு ஒரு அணிதான், எதிரணி பேசுவதை எதிரணி பார்த்துக்கொள்ளும். கட்டுரையில் எதிரணியையும் நீங்களே பேச வேண்டும், அதுவும் ஒப்புக்குப் பேசக்கூடாது, அவர்களிடம் இருப்பதிலேயே பலமான காரணத்தை எடுத்துப் பேச வேண்டும். கைதட்டலுக்காக எதிராளியைக் கிண்டலடிக்கிற பழக்கம் மேடைக்குச் சரி, எழுத்தில் அது பல்லிளித்துவிடும்.

சும்மா பேசிக்கொண்டிருக்காமல் ஒரு உதாரணம் சொல்கிறேன். போன விடுமுறை வகுப்பில் நான் கொடுத்த தலைப்பு: செட்டிநாட்டுப் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்ற விடலாமா? எல்லோரும் நேராக இங்கிலீஷில் எழுதினார்கள். ஒரு பையன் இப்படி ஆரம்பித்திருந்தான்: "சின்ஸ் டைம் இம்மெமோரியல், செட்டிநாட் இஸ் வெரி ஃபேமஸ் ஃபார் இட்ஸ் பேலஸஸ்." அடுத்து பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல், முட்டைச் சாந்து, வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற அதிசயம். அப்புறம் எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ், அதாவது நன்மையும் உண்டு தீமையும் உண்டு. கடைசியில் அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். கிராமரில் இரண்டே தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோட்டல் ஆக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கத்தில் எங்கேயும் பதில் இல்லை.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, நீ என்னப்பா நினைக்கிறே, தமிழ்ல சொல்லு என்றேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டான். "மிஸ், எங்க ஐயா வீடு பூட்டியேதான் கெடக்கு. கல்யாணம், சாந்தி, படைப்புன்னா மட்டும் தொறப்பாங்க. போன மழையில ரெண்டாங்கட்டுல ஓடு சரிஞ்சு உள்ள எல்லாம் தண்ணி. பங்காளிங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க, யாரு காசு போடுறதுன்னே பேசி முடியல. ஹோட்டல்காரனுக்கு விட்டா ஓடாவது மாத்துவான்ல?" உடனே இன்னொரு பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னோர்களுக்குப் படைப்பு போட்டுக் கும்பிடுகிற வீட்டில் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து தங்குவதா, அதற்குப் பூட்டியே கிடக்கட்டும் என்றாள். அப்போது அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை, "எங்கம்மா கானாடுகாத்தான்ல அந்த மாதிரி ஹோட்டல்லதான் சமைக்குறாங்க. அது பூட்டிக் கெடந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியாது" என்றது. வகுப்பு கொஞ்ச நேரம் கப்சிப். அப்புறம் அந்தப் படைப்புக்காரப் பெண்ணே சொன்னாள்: சரி, சாமி வீட்டை, அதாவது உள்ளே சாமி கும்பிடுகிற அறையை, பூட்டி வைத்துக்கொண்டு, படைப்பு நாளில் வீடு எங்களுக்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, முகப்பையும் மற்ற அறைகளையும் மட்டும் குத்தகைக்கு விட்டால் பரவாயில்லை.

இதைத்தான் ஐஇஎல்டிஎஸ்காரன் "எந்த அளவுக்கு" என்று கேட்கிறான். முழுசாக ஆமாம் என்றோ முழுசாக இல்லை என்றோ சொல்லாமல், இன்ன நிபந்தனையோடு ஆமாம் என்பதும் ஒரு நிலைப்பாடு, பல நேரம் அதுதான் நல்ல நிலைப்பாடும். நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்று மதில்மேல் பூனையாக நிற்பது வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் விவாதத்தில் தானாக வந்தது, நான் போர்டில் எழுதிப்போட்டிருந்தால் வந்திருக்காது.

அதற்கப்புறம்தான் இங்கிலீஷ். முதலில் ஒரே ஒரு வாக்கியம், அதில் பிகாஸ் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய வீடுகளை ஹோட்டலாக விடலாம், ஏனென்றால் பூட்டிய வீடு சீக்கிரம் விழுகிறது, ஆனால் சாமி வீடு குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். இதை இங்கிலீஷில் சொல்ல எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் போதும். இரண்டாவது பத்தி வீடு அழிகிற காரணத்துக்கு, மூன்றாவது வேலைவாய்ப்புக்கு, நாலாவது எதிரணிக்கும் அதற்கான பதிலுக்கும், கடைசியில் இரண்டு வரி. ஐந்து பத்திதான் சாஸ்திரம் என்று நான் சொல்லவில்லை, 250 வார்த்தைக்கு நாலு பத்தியும் போதும். நீந்தப் பழகுகிறவன் இடுப்பில் கட்டுகிற சுரைக்குடுக்கை மாதிரி அது, பழகியதும் கழற்றிவிடலாம்.

பத்திக்குள்ளே பிள்ளைகள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. உதாரணத்தைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். "காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிறார்கள்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். உண்மைதான், அந்தக் கடைகளில் கதவு, நிலை, தூண், பீங்கான் சாமான் என்று ஒரு வீட்டையே துண்டு துண்டாகப் பார்க்கலாம். நான் ஓரத்தில் "அதனால் என்ன?" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். திருப்பிக் கொண்டுவந்தபோது கூடுதலாக ஒரு வரி இருந்தது: பராமரிக்க வழியில்லாதபோது வீட்டைப் பிரித்து விற்பதுதான் குடும்பத்துக்கு மிஞ்சுகிற வழி, வாடகை வந்தால் அந்த நிலைமை வராது. உதாரணத்தையும் கருத்தையும் சேர்த்துத் தைக்கிற வரி இதுதான். ஸ்டீவன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958-லேயே ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்த்து, சொல்கிற கருத்து, அதற்குக் காட்டுகிற ஆதாரம், இரண்டையும் இணைக்கிற நியாயம் என்று வகைப்படுத்தினார், அந்த மூன்றாவதைத்தான் நம் பிள்ளைகள் வாசகருக்கே தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். டூல்மின் பெயர் பிள்ளைகளுக்கு வேண்டாம், "அதனால் என்ன?" போதும். இதே வகுப்பில் இன்னொரு பையன், செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன என்று எழுதியிருந்தான். நல்ல தகவல். அதற்கும் அதனால் என்னதான். பட்டியலில் இருப்பது ஓடு மாற்றக் காசு தராது என்று அவனே யோசித்து எழுதினான், எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

எதிரணிக்குப் பதில் சொல்கிற பத்தி வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்ம நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது, மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படல், மறுத்தல் என்று ஆரம்பித்து, மூன்றாவதாக "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே" என்கிறார் பவணந்தி. அடுத்தவர் கொள்கைக்கு முதலில் உடன்பட்டு, பிறகு அதை மறுப்பது. நாலாவது, "தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே", தானே ஒன்றைச் சொல்லி அதை நிலைநிறுத்துவது. ஆல்தோ போட்டு ஒரு வாக்கியம், ஹவெவர் போட்டு ஒரு வாக்கியம் என்று இங்கிலீஷ் வகுப்பில் நாங்கள் மூச்சு முட்டச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். அதே பாயிரத்தில் பத்துக் குற்றமும் உண்டு. கூறியது கூறல், அதாவது சொன்னதையே சொல்வது; மாறுகொளக் கூறல், முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது; மற்றொன்று விரித்தல், விஷயத்தை விட்டு வேறொன்றை நீட்டுவது; சென்று தேய்ந்து இறுதல், போகப் போகத் தேய்ந்து முடிவது. பிளஸ் டூ பிள்ளையின் இங்கிலீஷ் கட்டுரையைத் திருத்த இதைவிட நல்ல பட்டியலை நான் எந்தக் கோச்சிங் புத்தகத்திலும் பார்க்கவில்லை. மேலே சொன்ன தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் சுத்தமான மற்றொன்று விரித்தல். தமிழ் வகுப்பில் இதை மனப்பாடமாக ஒப்பித்து மார்க் வாங்குகிற பிள்ளை, அடுத்த பீரியட் இங்கிலீஷ் வகுப்பில் அதே குற்றத்தைச் செய்கிறது, தமிழாசிரியரும் இங்கிலீஷ் ஆசிரியரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே தலைப்பை இரண்டு பேரும் ஒரே வாரத்தில் எடுத்தால் என்ன? திங்கட்கிழமை தமிழில் வாதம், புதன்கிழமை தமிழில் ஒரு பத்தி, வெள்ளிக்கிழமை இங்கிலீஷில். ஒரு அரசாணையும் வேண்டாம் இதற்கு.

திருத்துகிற சுமை பற்றி ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயம்தான், வகுப்புக்கு நாற்பது ஐம்பது நோட்டு. எல்லாவற்றையும் திருத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். ஒரு வாரம் முதல் பத்தியில் நிலைப்பாடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் எதிரணிப் பத்தி மட்டும். ஹேஸ், ஹேவ் எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா, அடுத்த முறை தப்பு வராத வாக்கியமாக, அதாவது நோட்ஸில் இருக்கிற வாக்கியமாகத் தேடி எழுதும். ஒரு பள்ளியில் இப்படிச் சில நோட்டுகளைத் திருத்தாமல் விட்டதற்கு மேலிடத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், இன்ஸ்பெக்ஷனில் சிவப்பு மை கண்ணில் பட வேண்டுமாம். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. தலைப்பைத் தட்டினால் ஐந்து பத்தி வழவழவென்று வந்து விழுகிறது, தப்பே இல்லை. அதைத் தடுக்க நினைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அப்படி வந்த கட்டுரை எதையாவது கையில் எடுத்துக்கொண்டு எழுதினவரிடம் அதனால் என்ன, அதனால் என்ன என்று இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள், மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. தன் ஐயா வீட்டு ஓட்டைப் பற்றி எழுதின பையனை நான் அரை மணி நேரம் கேட்டாலும் பதில் சொல்லுவான். மனப்பாடக் கட்டுரையை ஐஇஎல்டிஎஸ்காரர்கள் மோப்பம் பிடித்து மார்க்கைக் குறைத்துவிடுகிறார்கள் என்பதையும் பெற்றோர்கள் காதில் போட்டுவைக்கிறேன். டெம்ப்ளேட் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கல்வித் துறையிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பத்தாவதிலும் பிளஸ் டூவிலும், தமிழ்த் தாளிலும் இங்கிலீஷ் தாளிலும், குறிப்பே கொடுக்காத ஒரு கேள்வி இருக்கட்டும். பெரிய கட்டுரை வேண்டாம், ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற தலைப்பாக, பிள்ளைக்குத் தெரிந்த தலைப்பாக இருக்கட்டும். பள்ளிக்கு செல்போன் கொண்டுவரலாமா, மஞ்சுவிரட்டு வேண்டுமா, கண்மாயைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டலாமா. எந்தப் பக்கம் எழுதினாலும் மார்க், காரணத்துக்கு மார்க், எதிர்க்காரணத்தைச் சந்தித்ததற்கு மார்க் என்று விடைக்குறிப்பிலேயே போட்டுவிட வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த வருஷமே அதற்கும் நோட்ஸ் வந்துவிடும், வந்தாலும் வரும், நம்ம ஊரில் எதற்குத்தான் நோட்ஸ் இல்லை. இருந்தாலும் வகுப்பில் வாதம் பண்ண நேரம் ஒதுக்குவதற்கு ஆசிரியருக்கு அது ஒரு சாக்காக இருக்கும், பரீட்சையில் வராத எதற்கும் இங்கே பீரியட் கிடைக்காது.

உங்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், மாணவர்களுக்கென்று வாசகர் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பை நீங்களே கொடுங்கள், 150 வார்த்தை, தமிழில்தான், எதிர்த்தரப்பின் ஒரு காரணமாவது இருந்தால்தான் பிரசுரம் என்று நிபந்தனை போடுங்கள். பரிசெல்லாம் வேண்டாம், பேப்பரில் பெயர் வந்தால் போதும், அதை வெட்டி பீரோவில் ஒட்டிவைத்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். நீங்கள் சரி என்று சொன்னால் என் வகுப்பிலிருந்தே முதல் கட்டை அனுப்புகிறேன், ஹோட்டல் கட்டுரைகளின் தமிழ்ப் பிரதிகள் தயாராக இருக்கின்றன. இரண்டு மூன்று பேர் கையெழுத்து மட்டும் கொஞ்சம் படுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
காரைக்குடி.